திரைப்புள்ளி அடர்த்தியும் வலைப்பக்கத் தெளிவும்

கற்றல் நோக்கங்கள்

• படப்புள்ளி அடர்த்தி என்பதன் பொருளை அறிந்து, அதனைக் கணக்கிடுதல்.
• திரையின் படப்புள்ளிக்கும் வலைப்பக்கம் கூறும் படப்புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல்.
• எழுத்து, வரைபடம், ஒளிப்படம் ஆகியவற்றை எல்லாத் திரைகளுக்கும் ஏற்றவாறு அமைக்கும் முறைகளை விளக்குதல்.

நுழைவு

ஒரு பள்ளி தன் வலைத்தளத்தில் தேர்வுக்கால அட்டவணையை வெளியிடுகிறது எனக் கொள்க. அட்டவணையை எழுத்தாகத் தட்டச்சுச் செய்து பக்கத்தில் இடாமல், அதனை ஒரு படமாக மாற்றி இடுகின்றனர். பள்ளிக் கணினி அறையில் உள்ள பழைய திரையில் அப்படம் குறையின்றித் தெரிகிறது. மாலையில் வீடு திரும்பிய மாணவி ஒருத்தி, அதே பக்கத்தைப் புதிய திறன்பேசியில் திறக்கிறாள். பக்கத்தின் தலைப்பும் பிற வரிகளும் அச்சிட்ட நூலைப் போலக் கூர்மையாக இருக்கின்றன. அட்டவணை மட்டும் மங்கிக் காணப்படுகிறது. கணக்குத் தேர்வு மார்ச் 3ஆம் நாளா, 8ஆம் நாளா என்பது தெரியவில்லை. விரல்களால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். இலக்கம் பெரிதாகிறதே அன்றித் தெளிவாகவில்லை.

பழைய திரையில் தெளிவாக இருந்தது, அதைவிடச் சிறந்த திரையில் மங்குவது ஏன்? இதற்கான விடை, படப்புள்ளி அடர்த்தி என்னும் ஒன்றில் அடங்கியுள்ளது.

1. நூலும் புள்ளியும்

நெசவாளர் ஒருவர் துணியில் மாங்காய் வடிவத்தை நெய்கிறார். மாங்காயின் விளிம்பு வளைவானது. பாவும் ஊடுமோ நேர்க்கோடுகளாகவே செல்பவை. எனவே வளைவு என்பது சிறுசிறு படிகளாகவே துணியில் உருவாகும். பருத்த நூலால் நெய்தால் அப்படிகள் கண்ணுக்குப் புலப்படும். மெல்லிய நூலை நெருக்கமாக இட்டு நெய்தால், படிகள் மறைந்து வளைவு மட்டுமே தோன்றும்.

கணினித் திரையும் இத்தகையதே. பிக்சல் என்று வழங்கும் படப்புள்ளிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு ஒரு திரையாகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தையே காட்டும். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் அமைந்துள்ளன என்பதே படப்புள்ளி அடர்த்தி எனப்படும்.

அடர்த்தியைக் கணக்கிடப் பித்தாகரசு தேற்றம் உதவுகிறது. திரையின் அகலப் புள்ளிகள், உயரப் புள்ளிகள் ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். கிடைப்பது மூலைவிட்டத்தில் அமையும் புள்ளிகளின் எண்ணிக்கை. அதனை மூலைவிட்டத்தின் அங்குல அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

எடுத்துக்காட்டு 1: 24 அங்குலக் கணினித் திரை, அகலம் 1920 புள்ளிகள், உயரம் 1080 புள்ளிகள். மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 2203 புள்ளிகள். 2203 ÷ 24 = ஏறத்தாழ 92.

எடுத்துக்காட்டு 2: 6 அங்குலத் திறன்பேசி, அகலம் 1080 புள்ளிகள், உயரம் 2160 புள்ளிகள். மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 2415 புள்ளிகள். 2415 ÷ 6 = ஏறத்தாழ 402.

முதல் திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். இரண்டாவதில் 0.06 மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் சிறிய திரையே நுண்ணிய நூலால் நெய்த துணியாக விளங்குகிறது.

2. புள்ளி சுருங்கிய வரலாறு

1984ஆம் ஆண்டு வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியின் திரையில் அங்குலத்திற்கு 72 புள்ளிகள் இருந்தன. அச்சுத்துறையில் எழுத்தை அளக்கும் பாயிண்ட் என்னும் அலகும் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கே. ஆகவே, திரையில் ஒரு புள்ளி தாளில் ஒரு பாயிண்டுக்கு இணையாக நின்றது. அக்காலத்தில் படப்புள்ளி என்பதை ஏறக்குறைய ஒரு நீள அளவாகவே கருத முடிந்தது.

2007ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஐபோனின் 3.5 அங்குலத் திரையில் 320 × 480 புள்ளிகள் இருந்தன. அதன் அடர்த்தி 163. 2010ஆம் ஆண்டில் வந்த ஐபோன் 4, அதே 3.5 அங்குலத் திரையில் 640 × 960 புள்ளிகளைக் கொண்டிருந்தது. அடர்த்தி 326 ஆக இருமடங்காயிற்று.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அதற்கு முன்னரே எழுதப்பட்ட எண்ணற்ற வலைப்பக்கங்கள், எழுத்தின் உயரம் 16 படப்புள்ளி, பொத்தானின் அகலம் 100 படப்புள்ளி என்று கூறியிருந்தன. புதிய திரை அச்சொல்லை அப்படியே ஏற்றிருந்தால், ஒவ்வோர் எழுத்தும் பொத்தானும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருங்கியிருக்கும். படிப்பவரின் கண் மாறவில்லை, விரலும் மாறவில்லை. புள்ளியின் அளவு மட்டுமே மாறியிருந்தது. எனவே, படப்புள்ளி என்னும் ஒரு சொல்லுக்கு ஈரளவு கொள்ள வேண்டிய தேவை ஏற்பட்டது.

3. ஒரு சொல், ஈரளவு

திரையில் உண்மையாகவே ஒளிரும் புள்ளி வன்பொருள் படப்புள்ளி ஆகும். வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் குறிக்கப்படும் புள்ளி சிஎஸ்எஸ் படப்புள்ளி ஆகும். முன்னது பொருள், பின்னது அளவுகோல்.

சிஎஸ்எஸ் படப்புள்ளி கண்ணின் பார்வையை அடிப்படையாகக் கொண்டது. அங்குலத்திற்கு 96 புள்ளிகள் உள்ள ஒரு திரையை, கை நீட்டும் தொலைவாகிய 28 அங்குலத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரு புள்ளி கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறதோ அதுவே இதன் அளவு. அத்தொலைவில் அது ஏறத்தாழ 0.26 மில்லிமீட்டர் ஆகும். திறன்பேசியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிக்கின்றனர். ஆதலால் அங்கு ஒரு சிஎஸ்எஸ் படப்புள்ளி அதைவிடச் சிறிதாக இருந்தாலும் பார்வைக்குப் போதும். தொலைவில் உள்ள பெருந்திரைக்கு அது பெரிதாக இருத்தல் வேண்டும்.

ஒரு சிஎஸ்எஸ் படப்புள்ளியின் ஒரு பக்கத்தில் எத்தனை வன்பொருள் படப்புள்ளிகள் அடங்குகின்றன என்பது படப்புள்ளி விகிதம் எனப்படும். உலாவியின் நிரலில் இதனை டிவைஸ் பிக்சல் ரேஷியோ என்பர். விகிதம் 2 எனில், ஒரு சிஎஸ்எஸ் படப்புள்ளியை 2 × 2 = 4 வன்பொருள் புள்ளிகள் நிரப்பும். விகிதம் 3 எனில், 3 × 3 = 9 புள்ளிகள் நிரப்பும். அகலத்தில் 1080 புள்ளிகள் உள்ள திறன்பேசியின் விகிதம் 3 எனில், வலைப்பக்கத்திற்கு அதன் அகலம் 360 மட்டுமே.

இவ்விகிதம் எப்போதும் முழு எண்ணாக இருப்பதில்லை. கணினியில் திரைத்தோற்றத்தை 125 விழுக்காடாக அமைத்தால் விகிதம் 1.25 ஆகலாம். பக்கத்தை உலாவியில் பெரிதாக்கினாலும் விகிதம் மாறும். ஒரு சாளரத்தை ஒரு திரையிலிருந்து மற்றொரு திரைக்கு இழுத்தாலும் அது மாறக்கூடும். ஆகவே, விகிதத்தை ஒருமுறை அறிந்து நிலையானதாகக் கருதுதல் பிழையாகும்.

4. எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

கணினி எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் புள்ளிகளாகச் சேமிக்கப்படுவதில்லை. கோடுகளும் வளைவுகளும் சேர்ந்த வெளிவரையாகவே சேமிக்கப்படுகிறது. உலாவி, தான் இயங்கும் திரையின் அடர்த்தியை அறிந்து, அவ்வெளிவரையை அங்கேயே புள்ளிகளாக நிரப்புகிறது. திரை நுண்மையானால் எழுத்தும் தானே கூர்மை பெறும். மாணவி திறந்த பக்கத்தின் தலைப்பும் வரிகளும் தெளிவாக இருந்தமைக்கு இதுவே காரணம்.

படமாக்கப்பட்ட எழுத்துக்கு இவ்வாய்ப்பு இல்லை. படம் உருவான நேரத்தில் எத்தனை புள்ளிகள் இருந்தனவோ, அத்தனையே என்றும் இருக்கும். விகிதம் 2 உள்ள திரையில் உலாவி, படத்தின் ஒரு புள்ளியை நான்கு புள்ளிகளின் இடத்தில் பரப்ப வேண்டியுள்ளது. இல்லாத நுண்மையை அது படைக்க இயலாது. அண்டைப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து இடைவெளியை நிரப்புகிறது. அக்கலப்பே மங்கலாகத் தோன்றுகிறது.

தமிழ் எழுத்துக்கு இது சிறிய குறையன்று. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி, அளவில் மிகச் சிறியது; பொருளில் மிகப் பெரியது. அப்புள்ளி மங்கி மறைந்தால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். மேலும், படமாக்கப்பட்ட எழுத்தைத் தேட முடியாது. படியெடுத்து ஒட்ட முடியாது. பார்வைத்திறன் குறைந்தோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதனை எழுத்தாக அறியாது. ஆதலால் எழுத்தை எழுத்தாகவே இடுதல் முதல் விதியாகும்.

5. வரைபடத்திற்கு எஸ்விஜி

சின்னம், குறியீடு, நிலப்படம், அறிவியல் விளக்கப்படம் போன்றவை கோடுகளாலும் வடிவங்களாலும் ஆனவை. இவற்றை எஸ்விஜி என்னும் வடிவில் சேமித்தல் நன்று. இவ்வடிவம் 2001ஆம் ஆண்டு டபிள்யூ3சி என்னும் வலைத்தர அமைப்பின் பரிந்துரையாக வெளியிடப்பட்டது. எஸ்விஜி கோப்பு, ‘இந்த இடத்தை மையமாகக் கொண்டு இந்த ஆரத்தில் வட்டம் வரைக’ என்பதுபோன்ற வடிவக் குறிப்புகளைக் கொண்டிருக்கும். எழுத்துருவைப் போலவே, திரைக்கேற்ப ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்படுவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காது.

ஆனால், ஒளிப்படத்திற்கு இம்முறை பொருந்தாது. ஒரு மரத்தின் நிழலையும் முகத்தின் நிறவேறுபாட்டையும் வட்டமும் கோடுமாகக் கூறிவிட இயலாது. அவை புள்ளிகளாகவே இருத்தல் வேண்டும்.

6. ஒளிப்படமும் தரவுச் செலவும்

ஒரு பக்கத்தில் 300 × 200 சிஎஸ்எஸ் படப்புள்ளி இடத்தில் ஓர் ஒளிப்படம் அமைகிறது எனக் கொள்க.

விகிதம் 1: 300 × 200 = 60,000 புள்ளிகள் தேவை.
விகிதம் 2: 600 × 400 = 2,40,000 புள்ளிகள் தேவை.
விகிதம் 3: 900 × 600 = 5,40,000 புள்ளிகள் தேவை.

விகிதம் மும்மடங்கானால் புள்ளிகள் ஒன்பது மடங்காகின்றன. கோப்பைச் சுருக்கிச் சேமிப்பதால் அதன் அளவு அதே மடங்கில் வளர்வதில்லை எனினும், பெரிதும் வளர்கிறது.

இங்கே இரு தவறுகள் நேர்கின்றன. சிறிய படத்தை மட்டும் இட்டால், அடர்ந்த திரையில் மங்கும். பெரிய படத்தை மட்டும் இட்டால், எல்லாத் திரைகளிலும் தெளிவாகத் தெரியும். ஆனால் பழைய திரை கொண்டவரும் தமக்குப் பயன்படாத லட்சக்கணக்கான புள்ளிகளைப் பதிவிறக்குவார். இணைப்பு மெதுவாக உள்ள ஊரிலும், அளவான தரவைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டிலும் இது வீண் செலவு. முதல் தவறு உடனே கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் தவறு பக்கத்தை அமைத்தவருக்குத் தெரிவதே இல்லை; அதன் விலையைப் படிப்பவரே கொடுக்கிறார்.

இதற்கான தீர்வு எஸ்ஆர்சிசெட் என்னும் பண்பு. படத்தை இடும் குறிச்சொல்லில், ஒரே படத்தின் பல அளவுக் கோப்புகளைப் பட்டியலாகத் தர இது வழிசெய்கிறது. ஒவ்வொரு கோப்பின் அகலமும் பட்டியலில் குறிக்கப்படும். பக்கத்தில் படம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைச் சைசஸ் என்னும் மற்றொரு பண்பு கூறும். பக்கத்தின் தோற்றம் முழுமையாக உருவாகும் முன்னரே உலாவி படங்களைப் பெறத் தொடங்கிவிடுவதால், இக்குறிப்பை முன்கூட்டியே தருதல் தேவையாகிறது.

400, 800, 1200 புள்ளி அகலமுள்ள மூன்று கோப்புகள் பட்டியலில் உள்ளன எனக் கொள்க. 360 சிஎஸ்எஸ் படப்புள்ளி அகலமுள்ள திறன்பேசியில் அப்படம் முழு அகலத்தையும் அடைக்கிறது. விகிதம் 2 எனில் 720 புள்ளிகள் தேவை. உலாவி பொதுவாக 800 கோப்பைத் தேர்ந்தெடுக்கும். விகிதம் 3 எனில் 1080 புள்ளிகள் தேவை. 1200 கோப்பைத் தேர்ந்தெடுக்கும். விகிதம் 1 உள்ள கணினித் திரையில் 400 இடத்தையே அப்படம் அடைக்குமானால், 400 கோப்பே போதும்.

தேர்வு உலாவியிடம் விடப்படுவது கருதத்தக்கது. பக்கத்தை அமைப்பவர் தம்மிடம் உள்ளவற்றைக் கூறுகிறார். படிப்பவரின் திரையை அருகிருந்து அறிந்த உலாவி, வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு நுண்மை போதும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இயல்பான பார்வை உடையவரின் கண், ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு அளவிலான நுண்மையையே பிரித்தறியும் என்பர். 30 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 0.087 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்திற்கு ஏறத்தாழ 290 புள்ளிகள். 402 அடர்த்தியுள்ள திறன்பேசியின் புள்ளி இதைவிடச் சிறியது. ஆதலால், இத்தகைய திரையில் ஒளிப்படத்தின் இருமடங்கு வடிவத்திற்கும் மும்மடங்கு வடிவத்திற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. பல இடங்களில் இருமடங்கோடு நிறுத்துவது தெளிவையும் தரும், தரவையும் காக்கும்.

7. மறவாமல் செய்ய வேண்டிய இரண்டு

முதலாவது, வியூபோர்ட் குறிப்பு. பக்கத்தின் அகலம் திரையின் அகலத்திற்குச் சமம் என்று இக்குறிப்பு உலாவிக்குக் கூறுகிறது. இஃது இல்லையெனில், ஐபோனின் சஃபாரி உலாவி பக்கத்தை 980 சிஎஸ்எஸ் படப்புள்ளி அகலமுடையதாகக் கொண்டு, அதனைச் சிறிய திரையில் சுருக்கிக் காட்டும். எழுத்துகள் எறும்பளவாகும். படிப்பவர் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தடுக்கும் கட்டளையை இக்குறிப்பில் சேர்த்தல் கூடாது.

இரண்டாவது, கேன்வாஸ் என்னும் வரைதளம். வரைகோட்டுப் படங்களும் விளையாட்டுகளும் இதில் நிரலால் வரையப்படுகின்றன. இதன் உள்ளளவைச் சிஎஸ்எஸ் அளவாகவே விட்டுவிட்டால், அடர்ந்த திரையில் கோடுகள் மங்கும். உள்ளளவைப் படப்புள்ளி விகிதத்தால் பெருக்கி, வரையும் அளவுகோலையும் அவ்வாறே பெருக்கினால் கோடுகள் கூர்மை பெறும்.

நிறைவு

நுழைவில் கண்ட பள்ளிக்கு மீண்டும் வருக. அட்டவணைப் படத்தை நீக்கிவிட்டு, அதனை எழுத்தாலான அட்டவணையாகப் பக்கத்தில் இடுகின்றனர். புதிய பொருள் எதுவும் வாங்கவில்லை. செலவு எதுவும் இல்லை. மாணவி பக்கத்தை மீண்டும் திறக்கிறாள். கணக்குத் தேர்வு மார்ச் 8ஆம் நாள் என்பது ஐயமின்றித் தெரிகிறது. அவளுடைய அண்டை வீட்டாரின் பழைய கைப்பேசியிலும் அது அவ்வாறே தெரிகிறது.

பக்கத்தை அமைப்பவர் தம் திரையில் நன்றாக உள்ளது என்று மனநிறைவு கொள்வது போதாது. எந்தத் திரையில் எவர் படிப்பார் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத அத்திரைக்கும் இடமளித்து எழுதுவதே இப்பாடத்தின் சாரம்.

பயிற்சி

அ. சொல்லும் பொருளும்
அடர்த்தி – நெருக்கம்
பாவு – துணியில் நெடுக்காகச் செல்லும் நூல்
ஊடு – துணியில் குறுக்காகச் செல்லும் நூல்
வெளிவரை – உருவத்தின் விளிம்புக்கோடு
சாரம் – உட்பொருள்

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. படப்புள்ளி விகிதம் 3 எனில், ஒரு சிஎஸ்எஸ் படப்புள்ளியை ________ வன்பொருள் புள்ளிகள் நிரப்பும்.
2. ஐபோன் 4 வெளிவந்த ஆண்டு ________.
3. சின்னங்களையும் நிலப்படங்களையும் ________ வடிவில் சேமித்தல் நன்று.

இ. சரியா, தவறா எனக் கூறி, தவறாயின் திருத்தி எழுதுக.
1. சிஎஸ்எஸ் படப்புள்ளி எல்லாத் திரைகளிலும் ஒரே மில்லிமீட்டர் அளவுடையது.
2. எழுத்துருவில் எழுத்துகள் வெளிவரைகளாகச் சேமிக்கப்படுகின்றன.
3. மிகப் பெரிய படத்தை எல்லோருக்கும் அனுப்புவதே சிறந்த முறை.

ஈ. பிரித்து எழுதுக.
படப்புள்ளி, வலைப்பக்கம், அவ்விகிதம், மெய்யெழுத்து

உ. எதிர்ச்சொல் தருக.
தெளிவு, நுண்மை, அருகில், சுருங்கு

ஊ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. வன்பொருள் படப்புள்ளிக்கும் சிஎஸ்எஸ் படப்புள்ளிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. படமாக்கப்பட்ட எழுத்து அடர்ந்த திரையில் மங்குவது ஏன்?
3. சைசஸ் பண்பை முன்கூட்டியே தருதல் ஏன் தேவையாகிறது?

எ. கணக்கிடுக.
15.6 அங்குல மடிக்கணினித் திரையில் 1366 × 768 புள்ளிகள் உள்ளன. அதன் படப்புள்ளி அடர்த்தியைக் காண்க.

ஏ. நெடுவினா
‘முதல் தவறு கண்ணுக்குத் தெரியும், இரண்டாம் தவறின் விலையைப் படிப்பவரே கொடுக்கிறார்’ – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஐ. செயல்பாடு
வீட்டிலோ பள்ளியிலோ உள்ள இரு திரைகளின் அளவையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் கேட்டறிந்து அடர்த்தியைக் கணக்கிடுக. ஒரே வலைப்பக்கத்தை இரண்டிலும் திறந்து, எழுத்தும் படமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.